ஸ்கேலும் மருத மரமும்

அந்தத் தெருவில் ஒரு பூனை ஓடினால்கூட நேர்கோட்டில்தான் ஓடும். வளைந்து நெளிந்து ஓடினால் ஸ்கேல் பார்த்துவிடுவாளோ என்று அதற்குப் பயம்.

ஸ்கேலுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது ஆசிரியருக்கே மறந்துபோய்ப் பல மாதங்கள் ஆகின்றன. வாசலில் செருப்புகள் கோணலாகக் கிடந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கொடியில் சட்டைகளை உயர வரிசைப்படிதான் காயப்போடுவாள். ஒருமுறை சுவரில் எறும்பு வரிசை கொஞ்சம் சாய்ந்து போனது. அவள் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து எறும்புகள் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கின்றன. நம்பாதவர்கள் எறும்புகளையே கேட்டுக்கொள்ளலாம்.

அவளுடைய அம்மா தையல்காரர். முற்றத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட அறையில் மெஷின் வைத்திருந்தார். அப்பா லைன்மேன். மின்கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பிகளை இணைத்து, ஊருக்கே வெளிச்சம் கொடுப்பவர். தம்பிக்கு ஆறு வயது. அவன் பெயர் ரேடியோ. வீட்டில் காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் விழுந்தால், எட்டு மணிக்குள் அது தெருக்கோடி வரைக்கும் செய்தியாகப் போய்விடும். எட்டரை மணிக்கு அது நான்கு டம்ளராகியிருக்கும்.

முற்றத்தின் நடுவே ஒரு மருத மரம் நின்றது. அதன் நிழல் மட்டும் இல்லையென்றால் தகரக் கூரைக்குக் கீழே அம்மா அப்பளமாகப் பொரிந்திருப்பார்.

அந்த மரத்தை நட்டவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு அண்ணன் ஞாபகம் வந்தால் படத்தைப் பார்க்க மாட்டார். முற்றத்துக்குப் போய் மரத்தில் சாய்ந்து நின்றுகொள்வார்.

மருதம்பட்டையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் நெஞ்சுக்கு நல்லது என்று பலரும் நம்பினார்கள். அதனால் யார் யாரோ தேடி வருவார்கள். பெரியப்பா இருந்தபோது ஒரே ஒரு விதி வைத்திருந்தார். கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. காசும் வாங்கக் கூடாது. அம்மா தன் பங்குக்கு இன்னொரு விதி சேர்த்தார். பட்டை வாங்குகிற எல்லாரிடமும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவார். மெஷின் ஓட்டத்தில் சில நேரம் ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமும் அதைச் சொல்லிவிடுவார்.

பெரியப்பா பட்டை வெட்டுகிற அழகு ஸ்கேலுக்குச் சகிக்காது. இங்கே ஒரு கீற்று, அங்கே ஒரு கீற்று. மேலிருந்து கீழாக, விரல் அகலத்தில், கோணல்மாணலாக வெட்டுவார். ஒரு கீற்றுக்கும் அடுத்த கீற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. வெட்டிய இடத்தை வழித்துத் துடைக்கவும் மாட்டார். நாராகத் தொங்கும்.

அவர் போன பிறகு யார் வெட்டுவது என்ற பேச்சு வந்தது. அப்பா காலையிலேயே கம்பம் ஏறப் போய்விடுவார். அம்மாவுக்குத் தையல் வேலை. ரேடியோவின் கையில் உளியைக் கொடுத்தால் மரம் இருக்கும், ரேடியோ இருக்க மாட்டான். ஆகவே அந்த வேலை ஸ்கேலிடம் வந்தது.

அவள் முதல் நாளே அம்மாவின் டேப்பை வாங்கி மரத்தைச் சுற்றி அளந்தாள். நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர். தன் நெஞ்சு உயரத்தில் பென்சிலால் கோடு போட்டாள். ஒன்பது சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம். மொத்தம் பதினான்கு கட்டங்கள். ஒரு கட்டத்துப் பட்டையை வெட்டி, அதைத் தீப்பெட்டி அளவில் சமமாக நறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். வருகிறவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். டப்பா காலியானால் அடுத்த கட்டம். வெட்டிய இடத்தில் நார் ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய கரண்டியால் சுரண்டுவாள். உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டை பளிங்கு மாதிரி வழவழப்பாகும் வரை விடமாட்டாள்.

தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மரத்துக்கு வெள்ளை பெல்ட் போட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். ரேடியோ அதைப் பக்கத்துத் தெருவுக்கும் ஒலிபரப்பினான்.

பதினான்காவது கட்டம் தெருவின் எதிர்ச் சாரியில் இருந்த சைக்கிள் கடைக்காரருக்காக வெட்டப்பட்டது. அவருடைய மனைவிக்கு நெஞ்சுப் படபடப்பு. அந்தக் கட்டம் முதல் கட்டத்தோடு போய் ஒட்டியபோது மயிரிழைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. ஸ்கேல் மரத்தைச் சுற்றி மூன்று முறை நடந்து அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவளை விடச் சந்தோஷமான ஆள் பூமியில் யாரும் இல்லை.

மூன்று மாதம் கழித்து மரத்தின் உச்சியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு புதிதாக வந்த தளிர்கள் கட்டைவிரல் நகம் அளவிலேயே நின்றுவிட்டன. காற்று அடிக்காத நாளிலும் இலை கொட்டியது. தகரக் கூரையில் அங்கங்கே வெயில் ஓட்டை போட்டது. அம்மா மெஷினை ஒருநாள் இந்த மூலைக்கும் மறுநாள் அந்த மூலைக்கும் நகர்த்தினார்.

அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாதாரண நாளில் அவர் தும்மினால் மூன்று தெரு தள்ளி இருக்கிற நாய் எழுந்து நிற்கும். இப்போது தும்மலும் சின்னதாகிவிட்டது. போன வருடம் முற்றத்தில் சேறாகிறது என்று மரத்தைச் சுற்றி அவர்தான் சிமெண்ட் பூசினார். வேருக்குத் தண்ணீர் போகாமல் தானே மரத்தைக் கொன்றுவிட்டதாக அவர் முடிவு செய்துவிட்டார். அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார். ஸ்கேல் கதவுக்குப் பின்னால் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்ததால் அவள் காதிலும் அது விழுந்தது.

"அண்ணன் எங்கிட்ட விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதைக்கூடப் பாத்துக்கத் தெரியல எனக்கு."

மறுநாள் பள்ளி விட்டதும் ஸ்கேல் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தெருக்கோடியில் செடி விற்கும் நர்சரிக்குப் போனாள். அதை நடத்துகிற பெண்மணி தொளதொள என்று ஆண்கள் சட்டை போட்டிருப்பார். பேசுவதில் மகா கஞ்சம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான், மிச்சம் பிடித்த வார்த்தைகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறார் என்று ரேடியோ அடித்துச் சொல்வான். எல்லாரும் அவரை நர்சரி அக்கா என்பார்கள்.

ஸ்கேல் மரத்தைப் பற்றிச் சொன்னாள். இலை மஞ்சள், தளிர் சின்னது, கீழே சிமெண்ட். நர்சரி அக்கா தொட்டியில் மண் நிரப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய மரத்துக்குச் சிமெண்ட் உடனே அப்படிச் செய்யாது என்றார். அதோடு அன்றைய வார்த்தைகளில் பாதி தீர்ந்துபோனது.

ஸ்கேல் திரும்பும்போது ஒரு மாதுளைச் செடியைப் பார்த்தாள். அதன் கிளை ஒன்றில், கையில் அடிபட்டவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டியிருந்தது.

"இதுக்கு என்ன அடிபட்டிருக்கு, அக்கா?"

"நான்தான் அடிச்சேன்."

ஸ்கேல் விழித்ததைப் பார்த்து நர்சரி அக்கா மண்கரண்டியைக் கீழே வைத்தார். பரணில் இருந்த சாக்கு அன்றைக்குத்தான் அவிழ்ந்தது போல. அதற்குப் பதியம் என்று பெயர். கிளையைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு வட்டம் பட்டையை எடுத்துவிட வேண்டும். மரத்துக்கு இலைதான் சமையலறை. அங்கே ஆகிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே வேருக்குப் போகும். வழியில் பட்டை இல்லையென்றால் சாப்பாடு அந்த இடத்திலேயே தேங்கி நிற்கும். அங்கே ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்துக் கட்டினால் அந்தக் காயத்தின் மேல் விளிம்பிலிருந்தே புது வேர் கிளம்பும். வேர் வந்ததும் கிளையை வெட்டி நட்டால் அது தனி மரம்.

ஸ்கேல் அந்தப் பிளாஸ்டிக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"கிளைல இல்லாம, அடி மரத்துல அப்படிச் சுத்தி எடுத்துட்டா?"

"கீழ வேர் பட்டினி. மரம் போச்சு." நர்சரி அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாரு எடுத்தா?"

ஸ்கேல் அதற்குப் பதிலாக, மருத மரக் கிளையில் பதியம் போடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் மரத்தடிக்குப் போனாள். தன் தலைக்கு மேலே பெரியப்பா வெட்டிய கீற்றுகளைப் பார்த்தாள். அவற்றை அவள் இதுவரை உற்றுப் பார்த்ததே இல்லை, கோணலாக இருக்கிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். ஒவ்வொரு கீற்றிலும் இரண்டு ஓரத்திலிருந்தும் பட்டை வளர்ந்து வந்து நடுவில் சேர்ந்திருந்தது. அம்மா கிழிசலை மூடித் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கீற்றுகளுக்கு நடுவில் அவர் விட்டு வைத்த இடங்கள் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் வந்தன.

கீழே அவள் வெட்டிய பெல்ட்டில் எதுவும் மூடவில்லை. கரண்டியால் சுரண்டிய கட்டை காய்ந்து வெடித்திருந்தது.

அன்று முழுவதும் அவள் வாசல் பக்கமே போகவில்லை. செருப்புகள் கோணலாகவே கிடந்தன. வீட்டில் ஏதோ பெரிய ஆபத்து என்று ரேடியோ புரிந்துகொண்டான். ஆனால் செய்தி என்னவென்று தெரியாததால் அவனால் ஒலிபரப்ப முடியவில்லை. அவன் பட்ட வேதனையை எழுத இந்தப் பக்கம் போதாது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி இருந்த சிமெண்டை உடைக்க உட்கார்ந்தார். வெயில் ஏற ஏற அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். அதில் எறும்பு மிதந்தது, அவர் தொடவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சுத்தியல் பிடியில் ஈரம் தெரிந்தது.

ஸ்கேல் அவர் எதிரே போய் நின்றாள். சொல்ல வேண்டியதை இரவு முழுவதும் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வரிசை கலைந்துவிட்டது.

"அப்பா, சிமெண்ட் இல்லப்பா. நான்தான்."

மேலே போன சுத்தியல் அங்கேயே நின்றது.

"பட்டையைச் சுத்தி வெட்டிட்டேன். பதினாலு கட்டம். கடைசிக் கட்டத்துல வட்டம் மூடிடுச்சு. வேருக்குச் சாப்பாடு போகாதுன்னு நர்சரி அக்கா சொன்னாங்க. மூணு மாசத்துக்கும் மேல பட்டினி."

அப்பா எழுந்தார். மரத்தருகே போய், வெள்ளைக் கட்டையின் மேல் கையை வைத்தார். கையை எடுக்காமலே மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒரு இடத்திலாவது பட்டை விட்டிருக்காதா என்று தேடினார் போல. ஸ்கேலின் வேலையில் அப்படியெல்லாம் விட்டுப்போகாது.

"தினமும் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன்" என்றார் கடைசியில். "எம்பொண்ணு எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்கான்னு நெனச்சுக்கிட்டே போவேன். லைன் கட்டாயிருக்குன்னு எனக்குத் தெரியல. நானெல்லாம் ஒரு லைன்மேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஸ்கேலுக்குத் தோன்றியது. மெஷின் சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். டேப்பை எடுத்துக் கொடுத்தது நான்தானே என்று முணுமுணுத்தார்.

"காப்பாத்த முடியுமான்னு நர்சரி அக்காகிட்ட கேட்டியா?" என்றார் அப்பா.

"இந்த மரத்தை முடியாதாம்பா. ஆனா மேல கிளையில இன்னும் பச்சை இருக்கு. எனக்கு உங்க ஏணி வேணும்."

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. ஏற்கெனவே காயம் பட்ட மரம், மறுபடியும் அதில் கத்தி வைப்பதா என்று தயங்கினார். ஸ்கேலுக்கும் அதே தயக்கம் இருந்தது. நேற்றிலிருந்து அவள் உளியைத் தொடவே இல்லை. ஆனாலும் வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். தான் ஏறி வெட்டுகிறேன் என்றார். ஸ்கேல் தலையாட்டி மறுத்தாள்.

"நான் வெட்டினது. நானே வெட்டறேன்."

நர்சரி அக்கா ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார். பதியம் போடும்போது வட்டம் முழுசாக இருக்க வேண்டும். ஒரு நூல் அகலத்துக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் சாப்பாடு அதன் வழியே நழுவிப் போய்விடும், வேர் வராது. சுத்தமாகச் சுரண்ட வேண்டும். அதுவும் வழவழப்பாக. இதைக் கேட்டபோது ஸ்கேலுக்கு அழுகை வந்தது. எந்தக் கை மரத்தைக் கெடுத்ததோ அந்தக் கைதான் இதற்கும் வேண்டியிருந்தது.

விரல் பருமனில் நான்கு கிளைகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை எடுத்தாள். பழைய கரண்டியால் சுரண்டினாள். அம்மா நனைத்துப் பிழிந்த நார்த்தூளை உருண்டையாக்கி மேலே அனுப்பினார். அதைக் காயத்தைச் சுற்றி வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு முனையிலும் அப்பாவின் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். கம்பத்தில் கம்பிக்கு ஒட்டுகிற அதே டேப். சுனாமி வந்தாலும் பிரியாது என்று அப்பா சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

அடுத்த வேலைதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. பட்டை கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதே கிடையாது. முதல் ஆளுக்கு ஸ்கேல் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

சைக்கிள் கடைக்காரர் வந்தபோது அவளால் வெறுமனே இல்லை என்று சொல்ல முடியவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னாள். கடைசிக் கட்டம் அவருக்காக வெட்டியது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

அவர் பெரிய உடம்புக்காரர். அவர் உட்கார்ந்தால் சைக்கிள் டியூப் தானாகவே காற்றை விட்டுவிடும் என்று தெருப் பிள்ளைகள் சொல்வார்கள். அன்று அவர் மெதுவாக முற்றத்துக்கு வந்து, கிரீஸ் படிந்த கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு மரத்தைத் தொட்டார்.

"என் வீட்டுக்காரிக்கும் இதுல பங்கு இருக்கு, பாப்பா" என்று மட்டும் சொன்னார். அவளே சொல்லாததை அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நாட்கள் போயின. மழை வந்தது. மரத்தின் உச்சி மொட்டையாகிக்கொண்டே வந்தது. ஸ்கேல் காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை நான்கு கட்டுகளையும் அண்ணாந்து பார்ப்பாள். ரேடியோ தினமும் தெருவில் அறிவித்தான். இன்று ஏழாவது நாள், வேர் இல்லை. இன்று பதினைந்தாவது நாள், வேர் இல்லை. தெருவில் பால் வாங்க வருகிறவர்கள்கூடப் பால் நிலவரத்துக்கு முன்னால் வேர் நிலவரம் கேட்டார்கள்.

நான்கில் ஒரு கட்டைக் காக்கை கிழித்துக்கொண்டு போய்விட்டது. சுனாமிக்குத் தாங்குகிற டேப் காக்கைக்குத் தாங்கவில்லை. இன்னொரு கட்டில் பென்சில் முனை அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. உள்ளே நார்த்தூள் காய்ந்து பொடியாகக் கிடந்தது. அது தாழ்ந்த கிளை. ஸ்டூல் போட்டால் எட்டும்.

ஸ்கேல் ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ தரையைப் பார்த்தான்.

"மூக்கை மூடிக் கட்டியிருக்கீங்களே. மூச்சு விட வேணாமா அதுக்கு?"

அவன் கண்களில் நீர் நிறைந்திருந்தது. ஸ்கேலுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் ஓட்டை போட்டதும் நல்லது செய்வதாக நினைத்துத்தான். அது எப்படிப்பட்ட தப்பு என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அவள் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள். இன்னும் இரண்டு இருக்கிறது, அழாதே என்றாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் காலையில் அவள் ஏணியில் ஏறி மூன்றாவது கட்டைப் பார்த்தாள். பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் தையல் நூல் எப்படியோ உள்ளே போய்விட்டது என்று முதலில் நினைத்தாள். விரலால் துடைத்துப் பார்த்தாள். நூல் உள்ளே இருந்து கிளைத்திருந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நார்த்தூளுக்குள் ஓடியது. கொஞ்சம்கூட நேராக இல்லை. தன் இஷ்டத்துக்கு வளைந்து நெளிந்து போயிருந்தது.

அவள் கீழே இறங்கி வந்து, ரேடியோவை அழைத்து, அவன் காதில் சொன்னாள். செய்தியை முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு தெருவில் தூங்கிக்கொண்டிருந்த யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. அந்தக் குரல் பக்கத்து ஊரைத் தாண்டிக் கடலில் போகிற கப்பலுக்குக் கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான்காவது கட்டிலும் ஒரு வாரத்தில் வேர் வந்தது. வேர் பழுப்பாகித் தடிக்கும் வரை காத்திருந்து, கட்டுக்குக் கீழே கிளையை வெட்டி, இரண்டு தொட்டிகளில் நட்டு நிழலில் வைத்தார்கள். இரண்டும் பாதி இலையை உதிர்த்துவிட்டு இருபது நாள் சும்மா நின்றன. அந்த இருபது நாளும் வீட்டில் எல்லாரும் காலடி ஓசை கேட்காமல் நடந்தார்கள். பிறகு ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தளிர் வந்தது. அதில் ஒன்றை அப்பா தகரக் கூரைக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தார்.

பெரிய மரத்தை அந்த மாதக் கடைசியில் வெட்டினார்கள். காற்றில் தகரக் கூரையின் மேல் சாய்ந்துவிடும் நிலைமைக்கு வந்திருந்தது. அப்பா அன்று லீவு போட்டார். ஒவ்வொரு கிளையும் கயிற்றில் இறங்கும்போது அவர் கைகொடுத்து வாங்கிக் கீழே வைத்தார், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல. ஸ்கேல் முதலிலிருந்து கடைசி வரை பக்கத்திலேயே நின்றாள். உள்ளே போ என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பெரியப்பாவின் கீற்றுகள் இருந்த துண்டை மட்டும் அப்பா தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். அது இப்போது தையல் அறையில் ஸ்டூலாக இருக்கிறது. அப்பா வேலைக்குப் போகும் முன் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எதிரே புதுச் செடி தெரியும்.

ஒரு நாள் காலை ஸ்கேல் இரண்டாவது தொட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போனாள். சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் அவருக்குக் கொஞ்சம் மண் தரை உண்டு.

"பட்டை இல்லை, மாமா. மரம் தரட்டுமா?"

அவர் எழுந்து நின்றார். வெகு நேரம் தொட்டியைப் பார்த்தார். இலை பூவாக இருந்தால் என்ன செய்வாரோ அப்படிக் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். அது அந்த மரமா என்று கேட்டார். அந்த மரமேதான் என்றாள் ஸ்கேல். அப்புறம் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னாள். சிமெண்ட் பூசக் கூடாது. அத்தை மாத்திரையை நிறுத்தக் கூடாது. மரம் அவருடைய இடுப்பு அளவுக்குப் பருக்கிற வரை பட்டையில் கை வைக்கக் கூடாது.

"என் இடுப்பு அளவுக்கா? அப்போ என் பேரன் காலத்துலதான் வெட்டணும்."

"பேரன் வெட்டட்டும். ஆனா நீளவாக்குல வெட்டச் சொல்லுங்க. கோணலா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா. சுரண்டக் கூடாது."

சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். கோணலா என்றா சொன்னாய் என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

பின்பக்கம் குழி தோண்டிச் செடியை நட்டார்கள். அவர் அதற்குப் பக்கத்தில் ஒரு கம்பு ஊன்றி, சைக்கிள் டியூபை வெட்டி, செடியையும் கம்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். செடி பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. ஸ்கேலுக்குப் பிடிக்க வேண்டுமே என்று அவ்வளவு நேராகக் கட்டியிருந்தார்.

ஸ்கேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். டியூபுக்கும் தண்டுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. முடிச்சை அவிழ்த்து, விரல் தாராளமாகப் போகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டினாள்.

செடி கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.